வாளியில் படிந்த ஏடு

கையில் ஒரு ஐஸ் கட்டியைப்
பிடித்துக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர் ஷைலா.
ஒரு நிமிடம். விடக் கூடாது.
வலிக்கும்போது மூச்சு எங்கே ஓடுகிறதென்று
பார்த்துப் பழகணுமாம்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.
கேத்தி பாலாடாவில் அது எதற்கு?
தை மாதம் விடியும் முன்
வாசல் வாளித் தண்ணீர் ஏடு கட்டியிருக்கும்,
பாலைப் போல. ஆனால் கண்ணாடி.
ஜெயசுதன் அதை விரலால் தட்டி உடைத்து
அப்பளம் மாதிரி தட்டில் கொண்டுவருவான்.

ஆளுக்கொரு துண்டு.
மூக்கால் நாலு எண்ணி உள்ளே,
வாயால் ஆறு எண்ணி வெளியே,
சூடான டீயை ஊதுவதுபோல.
பதினைந்தாவது நொடியில் கீழே போட்டுவிட்டு
"உனக்குப் புள்ள பெக்குறது ஈசிடி" என்பான்.
நான் பிடித்துக்கொண்டே இருப்பேன்.
காரட் கழுவும் தொட்டியில்
ஆறு வருஷம் ஊறிய கை.

பயம் கையில் இல்லை, சிஸ்டர்.
ராத்திரி இரண்டு மணிக்கு வரும்.
காரட் லாரி ஏற்றம் ஏறும் சத்தத்தோடு வரும்.
லாரி போன பின்னும் போகாது.
போன தடவை, ஏழாம் மாதம்,
இதே மணிக்குத்தான்.

அதற்கும் ஒன்று சொன்னார்.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படு.
கால் கட்டைவிரலை இறுக்கு, விடு.
கெண்டைச் சதையை இறுக்கு, விடு.
இப்படியே நெற்றி வரைக்கும்.
நான் ஒருநாளும் முழங்காலைத் தாண்டியதில்லை,
அதற்குள் தூங்கிவிடுவேன்.
ஜெயசுதன் சிரித்துக்கொண்டே
முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கை வைத்து அழுத்துவான்,
லாரிக்கு ஸ்டெப்னி மாற்றுகிறவன் முகத்தோடு.
எண்ணுவதற்கும் அவனைத்தான் பழக்கியிருந்தேன்.
நாலு. ஆறு. நாலு. ஆறு.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில்
ஆண்கள் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள்.
கோடு மஞ்சளாய் இருந்தது.
துணைக்கு ஒரு பெண் வரலாம்.
வந்தது குணமதி அக்கா,
மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவள்.
ஒருநாள் கூலி விஷயமாய்
மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை.
ஆம்புலன்ஸ் வந்தபோது
லைனில் விழித்திருந்தவள் அவள் மட்டும்.

முதல் வலியிலேயே எல்லாம் போனது.
நாலு எங்கே, ஆறு எங்கே.
பல்லைக் கடித்தேன்.
தோள் காதுவரை ஏறிவிட்டது.
"என்னமோ எண்ணுவியாமே" என்றாள்.
"வெளிய ஒருத்தன் அழுதுகிட்டுச் சொல்றான்.
எண்ணட்டுமா?"

அவளுக்குத் தெரிந்த மாதிரி எண்ணினாள்.
"லாபம்.
ரெண்டு.
மூணு.
நாலு."
மண்டியில் ஒன்றை ஒன்றென்று சொல்ல மாட்டார்கள்.
முதுகை அழுத்தினாள். தப்பான இடம்.
கீழே என்றேன். இன்னும் கீழே.
ஆறு வரவேண்டிய இடத்தில் எட்டு எண்ணினாள்.
எட்டே நன்றாக இருந்தது.

ஒவ்வொரு வலியும்
லாபத்திலிருந்து தொடங்கியது.
தாடையை விட்டேன். தோளை விட்டேன்.
முழங்காலைத் தாண்டி, தொடை, இடுப்பு என்று
முதல் தடவையாகத் தூங்காமல்
மேலே ஏறிக்கொண்டிருந்தேன்.

வலி குறையவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.
வலிக்கும் வலிக்கும் நடுவில் இடம் இருந்தது,
ஒரு ஆள் உட்காருகிற அளவு.
உட்கார்ந்தேன்.
பிறகு அந்த இடமும் போய்
அக்காவின் மணிக்கட்டைக் கடித்தேன்.
அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

நாலே காலுக்குத் தராசில் வைத்தார்கள்.
பெண். இரண்டு கிலோ எண்ணூறு.
"சாக்குக் கழிவு போகவா?" என்றாள் அக்கா
பழக்கதோஷத்தில்.
நர்ஸ் முறைத்தார்.

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்
ஜெயசுதன் இரண்டு கையையும்
அக்குளில் செருகிக்கொண்டு நின்றான்.
ஆஸ்பத்திரிப் புல்லில் கிடந்த உறைபனியை
அள்ளி அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தானாம்.
எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.
குழந்தையை வாங்க அவனுக்கு
விரல் மடங்கவில்லை.

ஊதிச் சூடாக்கு என்றேன்.
வாயால், மெதுவாக.
"ஆறு எண்ணியா?"
இல்லை. எட்டு.